ஆறு மண்டலங்களும் ஒரு கடைத்தெருவும்

1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. அது வரும் முன்பே ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் வற்புறுத்தலால் உலக வரைபடம் ஆறு துண்டுகளாக வெட்டப்பட்டுவிட்டது. அமெரிக்காவும் கனடாவும் முதல் மண்டலம். மேற்கு ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள், தென்னாப்பிரிக்கா இரண்டாவது. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், பர்மா மூன்றாவது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னமெரிக்கா நான்காவது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஐந்தாவது. சீனாவுக்குத் தனியாக ஆறாவது. ஏழாம் எண்ணைப் பின்னாளைய தேவைக்கென்று ஒதுக்கி, எட்டாம் எண்ணை விமானங்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் கொடுத்தார்கள். ஒரு மண்டலத்துக்கென்று அச்சான வட்டு, வேறொரு மண்டலத்தில் விற்கும் பிளேயரில் ஓடக்கூடாது என்பதே ஏற்பாடு.

இந்த வரைபடத்தை வடசென்னையின் மீது விரித்துப் பார்த்தால் அதன் அநியாயம் புரியும். ராயபுரத்தின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பாதிப் பேர் இங்கே, மீதிப் பேர் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும். திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் கைப்பழக்கம் பெற்ற ஃபிட்டரும் வெல்டரும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள். எண்ணூரை ஒட்டிய பர்மா நகரிலும் வியாசர்பாடியிலும் இருப்பவர்களின் பிறந்த மண் மூன்றாம் மண்டலத்தில். பிழைக்க வந்த மண் ஐந்தாம் மண்டலத்தில். கனடாவுக்கும் லண்டனுக்கும் சிதறிய ஈழத்து உறவுகளையும் சேர்த்தால், ஒரே கல்யாண ஆல்பத்தில் இருப்பவர்கள் ஐந்து மண்டலங்களில் வாழ்ந்தார்கள்.

ஊருக்கு வரும் அண்ணன் தங்கைக்கு வாங்கி வரும் வட்டு தங்கை வீட்டில் ஓடாது என்றால், அந்தப் பூட்டு யாருக்கு எதிரானது? சென்னையில் இந்தக் கேள்விக்கு வழக்கு மன்றம் பதில் சொல்லவில்லை; ஒரு நடைபாதைக் கடைத்தெரு சொன்னது. கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி ராஜாஜி சாலையில் நீளும் பர்மா பஜார்தான் அது.

ரங்கூனிலிருந்து வந்தவர்கள்

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். செட்டியார்களின் வட்டிக் கடைகள் முதல் துறைமுகத்து மூட்டை தூக்குவோர் வரை தமிழர்கள் அங்கே எல்லாத் தொழிலிலும் இருந்தார்கள். 1942ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது லட்சக்கணக்கானோர் நடந்தே இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். 1962ல் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. 1964ல் கடைகளும் வணிக நிறுவனங்களும் தேசியமயமாயின. அதே ஆண்டில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவை ஆயின. தலைமுறைகளாகச் சேர்த்ததை விட்டுவிட்டு, அனுமதிக்கப்பட்ட சொற்பப் பொருளோடு மக்கள் கப்பல் ஏறினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களில் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. மீண்டும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்தவர்களை எல்லையில் நிறுத்தினார்கள். அவர்கள் அங்கேயே தங்கிய ஊர்தான் மோரே. இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு. எல்லை தாண்டி வரும் சீன, தாய்லாந்துச் சாமான்களின் வணிகமும் உண்டு. ஒரே துரத்தலில் சிதறிய மக்கள், நாட்டின் இரண்டு வாசல்களில் இரண்டு சந்தைகளை வளர்த்தார்கள்.

சென்னையின் வாசல் துறைமுகம். 1969ல் வடக்குக் கடற்கரைச் சாலை நடைபாதையில் பர்மா அகதிகளுக்குக் கடை வைக்க இடம் கிடைத்தது. அந்தச் சாலைதான் இன்றைய ராஜாஜி சாலை. ஒரு பக்கம் பாரிமுனை, ஒரு பக்கம் ரயில் நிலையம், எதிரே கப்பல்கள். கடைகள் பெட்டி அளவுதான். ஆனால் வரிசையாகச் சுமார் இருநூறு. வாசனைத் திரவியம், குடை, டார்ச் லைட், டிரான்சிஸ்டர், கைக்கடிகாரம் என்று தொடங்கிய வணிகம் மெல்ல மெல்ல மின்னணுச் சாதனங்களுக்கு மாறியது. பின்னால் இரண்டாம் கடற்கரைச் சாலைப் பக்கம் அத்தோவும் மொய்ங்காவும் விற்கும் தள்ளுவண்டிகள் வந்தன. சாமான் வாங்க வந்தவர்கள் பர்மியச் சாப்பாட்டுக்குப் பழகினார்கள்.

அன்றைய இந்தியாவில் வெளிநாட்டு மின்னணுப் பொருளை இறக்குமதி செய்வது எளிதல்ல. கட்டுப்பாடும் வரியும் அவ்வளவு. ஆகவே சாமான்கள் ஆட்களோடு வந்தன. கப்பல் மாலுமிகள் கொண்டு வந்தார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலின் பயணிகள் கொண்டு வந்தார்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து அந்தக் கப்பலின் ஓட்டம் முடியும்வரை, துறைமுகத்துக்கும் கடைத்தெருவுக்கும் அது ஒரு பாலம். 1977ல் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு இலங்கைச் சந்தையைத் திறந்துவிட்டதும் கொழும்பு இன்னொரு கொள்முதல் ஊராயிற்று. பிறகு விமானத்தில் பறந்து போய் சாமானோடு திரும்புகிறவர்கள் ஒரு தொழிற்கூட்டமாகவே வளர்ந்தார்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் குருவி.

டெக் காலம்

வேறு நாட்டுப் படத்தை ஓட்டும் கருவி எது என்ற கேள்வி டிவிடியோடு பிறந்ததல்ல. அதற்கு இருபது ஆண்டு மூத்தது அது.

விஎச்எஸ் நாடா 1976ல் ஜப்பானில் வெளிவந்தது. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15ல். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தொலைக்காட்சி வண்ணமயமானதும், டெக் என்று சென்னை அழைத்த வீடியோ கேசட் ரெக்கார்டர் மக்களிடம் பரவியது. சொந்தமாக வாங்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் விசேஷ நாட்களில் டெக்கையும் கலர் டிவியையும் நாலு கேசட்டையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். தெருவே பாயை விரித்து விடிய விடியப் படம் பார்த்தது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அந்த இரவுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் ஏராளம்.

அந்தக் காலத்து வாங்குபவருக்கு மூன்று சிக்கல்கள். முதலாவது மின்சாரம். அமெரிக்கச் சாதனம் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானின் உள்நாட்டுச் சாதனம் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. சென்னைச் சுவரில் வருவது 230. இடையே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் சொருகினால் சாதனம் கருகும்.

இரண்டாவது ஒளிபரப்பு முறை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் பெரும்பாலானவை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் பால் (PAL) முறை; படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 சட்டகம். அமெரிக்கா, கனடா, ஜப்பான், பர்மா என்டிஎஸ்சி முறை. 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகம். நியூ ஜெர்சியிலிருந்து வந்த கல்யாண கேசட்டை சென்னைத் தயாரிப்பு டிவிகளான டயனோராவிலோ சாலிடேரிலோ ஓட்டிப் பார்த்தால், படம் நிறமிழந்து மேலும் கீழும் உருளும். மூன்றாவது சிக்கல், விஎச்எஸ்ஸா பீட்டாமேக்ஸா என்ற நாடாப் போட்டி. அது எண்பதுகளிலேயே விஎச்எஸ் பக்கம் தீர்ந்துவிட்டது.

பர்மா பஜார் இந்தச் சிக்கல்களில் பாடம் படித்தது. ஒரு டெக் விலை பேசும்போது கடைக்காரர் முதலில் கேட்பது, "உங்க ஆளுங்க எந்த நாட்டுல இருக்காங்க?" என்பதுதான். அமெரிக்கா என்றால் மல்டி சிஸ்டம் டெக், கூடவே மல்டி சிஸ்டம் டிவி. சிங்கப்பூர் அல்லது துபாய் என்றால் சாதாரண பால் டெக் போதும். கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் வோல்ட்டேஜ் சீட்டைப் படித்துக் காட்டுவது விற்பனையின் ஒரு பகுதி. எந்த நாட்டுச் சாதனம் எந்த நாட்டோடு சேரும் என்ற அட்டவணை, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கடைப் பையன்களுக்கு மனப்பாடம்.

வோல்ட்டேஜும் கோடுகளின் எண்ணிக்கையும் யாரும் யாரையும் தடுக்கச் செய்தவை அல்ல. ஒவ்வொரு நாடும் மின்சாரத்தையும் தொலைக்காட்சியையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாகத் தொடங்கியதால் வந்த வேறுபாடுகள் அவை. டிவிடியின் மண்டலப் பூட்டு அப்படியல்ல. அது திட்டமிட்டு வைத்த சுவர்.

பூட்டும் திறவுகோலும்

டிவிடிக்கு முன்னால் ஆசியா முழுவதும் பரவியது விசிடி. 1993ல் சோனி, பிலிப்ஸ், மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் வகுத்த தரம் அது. ஒரு வட்டில் 74 நிமிடம்தான் அடங்கும். தமிழ்ப் படத்துக்கு இரண்டு வட்டு, சில சமயம் மூன்று. படத் தெளிவு விஎச்எஸ் அளவுதான். ஆனால் மண்டலப் பூட்டு என்ற ஒன்றே அதில் கிடையாது. சிங்கப்பூரில் வாங்கியது திருவொற்றியூரில் ஓடியது. அந்தச் சுதந்திரத்துக்குப் பழகிய வாடிக்கையாளரின் கையில்தான் டிவிடி வந்து விழுந்தது.

ஸ்டூடியோக்கள் பூட்டு போட்டதற்கு ஒரு வணிகக் காரணம் இருந்தது. அன்றைக்கு ஹாலிவுட் படம் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வெளியாவதில்லை. 1997 டிசம்பரில் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிய 'டைட்டானிக்' இந்தியத் திரைக்கு வந்தது 1998ல்தான். ஒரு நாட்டில் வட்டு வந்த பிறகும் இன்னொரு நாட்டில் படம் திரையரங்குக்கே வராமல் இருக்கலாம். அந்த இடைவெளியில் வட்டுகள் எல்லை தாண்டினால் வசூல் போகும். நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை வைக்கவும் பூட்டு உதவியது.

பூட்டின் உள்ளே இருப்பது வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. வட்டின் தொடக்கக் கோப்பில் எட்டு பிட் கொண்ட ஒரே ஓர் எண். ஒவ்வொரு பிட்டும் ஒரு மண்டலத்தைக் குறிக்கும். பிளேயர் அந்த எண்ணைப் படித்து, தன் நினைவகத்தில் பதிந்த மண்டல எண்ணோடு ஒப்பிடும். பொருந்தினால் ஓடும், பொருந்தாவிட்டால் திரையில் ஒரு மறுப்புச் செய்தி மட்டும் வரும். லென்ஸ், மோட்டார், சிப் எதிலும் வேறுபாடு இல்லை. சிங்கப்பூர் பிளேயருக்கும் சென்னை பிளேயருக்கும் இடையே நின்றது அந்த ஓர் எண்தான்.

எண்ணை மாற்றினால் போதும் என்று தெரிந்ததும் கதை மாறியது. சீனத் தொழிற்சாலைகள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் பிளேயர்களைச் செய்யத் தொடங்கின. தைவானின் மீடியாடெக் போன்ற நிறுவனங்களின் சிப்பே பெரும்பாலானவற்றில் இருந்தது. ஒரே பெட்டியை ஆறு மண்டலங்களுக்கும் ஏற்றுமதி செய்யும் ஆலைக்கு, மண்டல எண்ணை மாற்றும் வழி உள்ளேயே வேண்டும். ஆகவே அது மறைவான ஒரு சர்வீஸ் மெனுவில் இருந்தது. தட்டைத் திறந்து வைத்து ரிமோட்டில் குறிப்பிட்ட எண்களை வரிசையாக அழுத்தினால் மெனு எழும்பும். அங்கே மண்டலத்தைப் பூஜ்யமாக்கினால் எல்லா வட்டும் ஓடும்.

இந்த எண் வரிசைகள் பர்மா பஜாரில் விற்பனைச் சேவையாயின. பிளேயரோடு ஒரு துண்டுச் சீட்டு. அதில் அந்த மாடலுக்கான எண்கள். எளிதில் மசியாத மாடல் என்றால் மவுண்ட் ரோட்டுக்கு அருகே ரிச்சி தெருவில் பெட்டியைத் திறந்து நினைவகச் சிப்பை மாற்றி எழுதித் தரும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். 2001 ஏப்ரலில் இந்தியா எஞ்சியிருந்த 715 பொருள்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டையும் நீக்கியதும் பிளேயர்கள் வெளிப்படையாகவே வந்து குவிந்தன. விலை சரிந்தது. குருவிகளின் காலம் மங்கியது. பூட்டுத் திறக்கும் அறிவு மட்டும் கடைத்தெருவில் நிலைத்தது.

ஸ்டூடியோக்கள் சும்மா இருக்கவில்லை. 2000வாக்கில் முதல் மண்டல வட்டுகள் சிலவற்றில் கூடுதலாக ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். பிளேயர் எல்லா மண்டலமும் தனதே என்று சொன்னால் வட்டு ஓட மறுக்கும். பூஜ்யமாக்கிய பிளேயர்கள் அங்கே தோற்றன. மண்டல எண்ணைக் கையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிக்கொள்ள விடும் பிளேயர்கள் தப்பின. அப்போதிருந்து விவரமான வாடிக்கையாளர், "ஆல் ரீஜன் மட்டும் போதாதுண்ணே, மாத்திக்கிற மாதிரி குடுங்க" என்று கேட்கத் தொடங்கினார். கணினி டிரைவ்களில் பிடி இன்னும் இறுக்கம். 2000 தொடக்கத்திலிருந்து செய்யப்பட்டவை மண்டலத்தை ஐந்து முறை மட்டுமே மாற்ற விட்டன. ஐந்தாவதோடு நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டன. அமெரிக்காவிலிருந்து லேப்டாப் கொண்டு வந்த பிள்ளைகள் பலர் இதை அறியாமல் மாற்றி மாற்றிச் சிக்கினார்கள்.

ஒளிபரப்பு முறைச் சிக்கலும் முழுதாக ஒழியவில்லை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகத்தில் எடுக்கப்படுகிறது. பால் வட்டில் அதை 25 ஆக ஓட்டுவதால் படம் 4 விழுக்காடு வேகமாகும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும்; குரலும் பாட்டும் சற்றுச் சுருதி ஏறும். இசையைக் கூர்ந்து கேட்பவர்கள் இதனாலேயே என்டிஎஸ்சி வட்டுகளைத் தேடினார்கள். அதற்கு என்டிஎஸ்சியை அப்படியே வெளியே அனுப்பும் பிளேயரும் அதை ஏற்கும் டிவியும் வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்தியச் சந்தைக்கு வந்த வண்ண டிவிகளில் பலவும் அதை ஏற்கத் தொடங்கியிருந்தது பெரிய உதவி.

நேர்மையாக வாங்கியவரின் கதி

பர்மா பஜாரின் பெயரைச் சொன்னால் திருட்டு விசிடி நினைவுக்கு வராமல் இருக்காது. அதை மறைத்து எழுதுவது சரியல்ல. படம் வெளியான ஓரிரு நாளில் அதன் நகல் வட்டு நடைபாதைக்கு வந்த காலம் உண்டு. தயாரிப்பாளர்கள் நொடித்தார்கள். தண்டையார்பேட்டையின் அகஸ்தியா போன்ற பெரிய அரங்குகளில் கூட்டம் கூடிய வட்டாரத்தில், இருபது முப்பது ரூபாய் வட்டு வீட்டிலேயே படத்தை முடித்து வைத்தது. 2004ல் தமிழ்நாடு அரசு 1982ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருடர்களையும் அதன்கீழ் கொண்டு வந்தது. விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்கும் சட்டம் அது. கடைத்தெருவில் சோதனைகள் தொடர்ந்தன.

ஆனால் மண்டலப் பூட்டு இந்தத் திருட்டைக் கொஞ்சமும் தடுக்கவில்லை. நகல் எடுப்பவர் முதல் வேலையாகப் பூட்டைக் கழற்றிவிடுவார். கள்ள வட்டு உலகத்தின் எந்தப் பிளேயரிலும் ஓடும். டொரண்டோ கடையில் முழு விலை கொடுத்து அசலை வாங்கி அண்ணன் அனுப்பிய வட்டுதான் ராயபுரம் வீட்டில் ஓட மறுத்தது. சட்டப்படி நடந்தவருக்குத் தண்டனை; மீறியவருக்கு வசதி. இந்த ஒரு காரணமே மண்டலப் பூட்டைக் கண்டிக்கப் போதும்.

சட்டங்கள் இதை மெல்ல உணர்ந்தன. 2006ல் ஆஸ்திரேலியா தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, சந்தையைப் பிரிப்பதற்காக மட்டும் போடும் மண்டலப் பூட்டுகளைப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிறுத்தியது. இந்தியாவில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. நோக்கம் என்ற சொல் அங்கே கனமானது. தான் காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தன் வீட்டில் பார்ப்பவரையும் நகல் எடுத்து விற்பவரையும் அது ஒரே தட்டில் வைக்கவில்லை.

விலையைக் குறைத்தால் திருட்டு குறையும் என்ற பாதையையும் ஒரு நிறுவனம் முயன்றது. 2007ல் மோசர் பேர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. கள்ள வட்டின் விலைக்கே அசல் கிடைத்ததும் மக்கள் மளிகைக் கடையில்கூட அசல் வாங்கினார்கள். வாங்குகிறவர்கள் திருட்டை விரும்பி வாங்கவில்லை, கட்டுப்படியாகும் விலையைத்தான் தேடினார்கள் என்று அந்த ஆண்டுகள் காட்டின. நிறுவனம் பின்னாளில் கடனில் மூழ்கியது; 2018ல் அதைக் கலைக்க உத்தரவாயிற்று.

இந்தப் பூட்டு விஷயத்தில் தமிழ்ப் படத் தொழில் ஹாலிவுட்டைவிடத் தன் ரசிகர்களை நன்றாக அறிந்திருந்தது. லண்டனில் இயங்கிய ஐங்கரன் இன்டர்நேஷனல் வெளியிட்ட தமிழ் டிவிடிகள், எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வந்தன. பாரிஸிலும் டொரண்டோவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழர் ஒரே வட்டைப் பார்க்கவேண்டும் என்றால் பூட்டு போட முடியாது. உலகெங்கும் பரந்த மக்களை ஒரே சந்தையாக நினைத்த வெளியீட்டாளர்கள், உலகைத் துண்டு போட்ட ஸ்டூடியோக்களுக்கு அப்போதே நல்ல வழியைக் காட்டினார்கள்.

மண்டலம் திறந்த பிளேயரால் இன்னொரு நன்மையும் விளைந்தது. சென்னை சர்வதேசத் திரைப்பட விழா 2003ல்தான் தொடங்கியது. அதற்கு முன் குரோசவாவையோ பெர்க்மனையோ பார்க்க ஃபிலிம் சொசைட்டித் திரையிடல்களும் தூதரகக் கலாச்சார மையங்களும்தான் கதி. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அவர்களின் படங்களைச் செம்மை செய்து வெளியிட்ட வட்டுகள் பெரும்பாலும் முதல் மண்டலத்தவை. அந்த அசல்களும் அவற்றின் நகல்களும் பர்மா பஜாருக்கு வந்தன. கோடம்பாக்கத்து உதவி இயக்குநர்கள் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினார்கள். எந்த அலமாரியில் கொரியப் படம், எந்தப் பெட்டியில் இரானியப் படம் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாயிரங்களில் தமிழ்ப் படங்களின் கதை சொல்லும் முறை மாறியதில் அந்தக் கடைகளுக்கும் பங்கு உண்டு. நகல் வட்டின் குற்றத்தை அது அழித்துவிடாது. ஆனால் அசலை நியாய விலையில் வாங்க வழியிருந்தால் அந்த இளைஞர்கள் அதையே வாங்கியிருப்பார்கள்.

இன்றைக்கு வாங்குபவருக்கு

2006ல் ப்ளூ-ரே வந்தபோது மண்டலங்கள் மூன்றாகச் சுருங்கின. அமெரிக்க நாடுகளும் ஜப்பானும் தென்கிழக்காசியாவும் ஏ. ஐரோப்பா, வளைகுடா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. 2016ல் வந்த 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேயில் பூட்டே இல்லை. ஒரே நாளில் உலகெங்கும் படம் வெளியாகும் காலத்தில் அதன் தேவை போய்விட்டது. இருபது ஆண்டு கழித்து உலகம் வந்து சேர்ந்த இடத்தில் ராஜாஜி சாலை முன்பே நின்றுகொண்டிருந்தது.

வட்டுத் தொழிலும் சுருங்கிவிட்டது. ஓப்போ 2018லும் சாம்சங் 2019லும் ப்ளூ-ரே பிளேயரைக் கைவிட்டன. நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் டிவிடி அனுப்புவதை நிறுத்தியது. பர்மா பஜாரின் கண்ணாடி அலமாரிகளில் இப்போது செல்போன் உறைகளும் இயர்போன்களும் கண்காணிப்பு கேமராக்களும். மண்டலப் பூட்டு மட்டும் சாகவில்லை. அது ஓடிடி தளங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஒரு நாட்டில் கிடைக்கும் படம் இன்னொரு நாட்டில் "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்கிறது. உரிமம் முடிந்தால் எந்த நாட்டிலும் கிடைக்காமல் போகிறது. அங்கே ரிமோட்டில் அழுத்த எண் வரிசை கிடையாது.

முதல் தமிழ்ப் பேசும் படமான 1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' இன்று பார்க்கப் பிரதி இல்லாமல் அழிந்துபோனது. அப்படி ஓர் இழப்பைக் கண்ட மொழியின் மக்கள் கையில் இருக்கும் வட்டுகளை அலட்சியம் செய்யக்கூடாது. வீட்டில் பெட்டி நிறைய வெளிநாட்டு வட்டு வைத்திருப்பவர்களுக்குப் பழைய கடைத்தெருவின் பாடங்கள் இன்றும் பயன்படும். பழைய பிளேயரை வாங்கப் போகும்போது ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு வட்டாகக் கையோடு எடுத்துச் சென்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். உறையின் பின்புறம் உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்தான் மண்டலம். எல்லா மண்டலமும் ஓடும் என்பதைவிட, மண்டலத்தைக் கையால் மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். பாலும் என்டிஎஸ்சியும் இரண்டும் வெளிவருகிறதா, எச்டிஎம்ஐ உண்டா, முதுகுச் சீட்டில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூ-ரே பிளேயரில் டிவிடியின் பூட்டு திறந்திருந்தாலும் ப்ளூ-ரேயின் பூட்டு மூடியே இருக்கலாம், இரண்டும் தனித்தனி. ஒரு வட்டு தடுக்காமல் கடைசிவரை ஓடுகிறதா என்று பார்த்தால் லென்ஸின் ஆயுள் ஓரளவு தெரியும். மண்டலம் மாற்றும் எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். அப்படி ஒரு பிளேயர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.